கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டோம், மாப்ளே

28.3.2020

அன்புள்ள மாப்ளே,

சென்னையில் நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமா? இங்கே எல்லோரும் சுகம். அம்மாவை வாசலில் போய் உட்காராமல் பிடித்துவைப்பதுதான் பெரும்பாடாக இருக்கிறது.

ஏப்ரல் 11, 12 தேதிகளில் நடக்க இருந்த நம் கரிசல் எழுத்தாளர் சந்திப்பைத் தள்ளிவைத்த செய்தி உனக்கு வந்திருக்கும். ஒரு வரியில் சொல்லி முடிக்கிற விஷயமா அது? அதனால்தான் இந்தக் கடிதம்.

மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் இந்தக் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அன்று ராத்திரி அழைப்பிதழை எடுத்து, பேச வருகிறவர்கள் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் வயதை எழுதிப் பார்த்தேன். 14 பேரில் 9 பேர் அறுபதைத் தாண்டியவர்கள். இரண்டு பேருக்குச் சர்க்கரை, ஒருவர் நெஞ்சில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். இந்த நோய் வயதானவர்களைத்தான் அதிகம் வாட்டுகிறது என்று தெரிந்த பிறகு வேறென்ன யோசிக்க? 15ஆம் தேதியே எல்லோருக்கும் போன் போட்டுவிட்டேன்.

"இன்னும் நாலு வாரம் இருக்கே, ஏன் இவ்வளவு அவசரம்?" என்று இளையவர்கள் சிலர் வருத்தப்பட்டார்கள். முதன்முதலாகத் தங்கள் கதையைச் சபையில் வாசிக்க இருந்தவர்கள், வருத்தம் இருக்கத்தானே செய்யும். அடுத்த வாரமே ரயில்கள் நின்றன. 24ஆம் தேதி மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாடு முழுக்க 144 தடை உத்தரவு. அன்று நள்ளிரவிலிருந்து நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு. நம் இரண்டு நாளும் அதற்குள்ளேயே அடங்கிப்போயின.

காணொளியில் நடத்தலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் சம்மதிக்கவில்லை. நம் பெரியவர்களில் பாதிப்பேரிடம் பட்டன் போன்தான். அவர்களை விட்டுவிட்டு நாம் மட்டும் கூடிப் பேசினால் அது எப்படி நம் சந்திப்பாகும்? அதுவும் போக, போன வருஷம் மொட்டைமாடியில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். தன் நாவலில் கமலை இறைக்கிற காட்சியை, அதாவது மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீரைத் தோல்பையில் இறைக்கிறதை வாசித்தானே நம் தம்பி, மாடு கிணற்றுக்குத் திரும்பி நடப்பதாக? பெரியவர் சத்தம் போடாமல் எழுந்தார். தன் துண்டை முறுக்கி வடக்கயிறு என்றார், உன் துண்டை வாங்கி வால்கயிறு என்றார். "மாடு திரும்பாதுப்பா, பின்னாலேயே நடக்கும்" என்று அந்த எண்பது வயதில் மாடி முழுக்கப் பின்னுக்கு நடந்து காட்டினார். சரிவில் இறங்கும்போது வடத்தில் ஏறி உட்காருகிறதை மாடிப்படிக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தே செய்து காட்டினார். தம்பி அங்கேயே அந்தப் பக்கத்தை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினான்.

பம்புசெட் வந்த பிறகு பிறந்தவர்கள் நாம். கமலை ஓட்டிய கை உள்ளவர்கள் இன்னும் எத்தனை பேர்? சந்திப்பைத் தள்ளிவைத்தது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் எண்பது வயதுக்காரரிடம் "அடுத்த வருஷம் பார்க்கலாம் ஐயா" என்று சொன்னபோது குரல் அடைத்துக்கொண்டது, மாப்ளே. அவர்தான் என்னைத் தேற்றினார்.

அதனால் ஒரு காரியம் ஆரம்பித்திருக்கிறேன். தினமும் சாயங்காலம் ஒரு பெரியவருக்குப் போன். அனுமதி கேட்டுவிட்டு, பேசுவதைப் பதிவு செய்துகொள்கிறேன். ஏர், வண்டி, கம்மாய், பருத்திக்காடு என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். நான்கு பேர் முடிந்தது. உனக்குக் காது கூர்மை, கேட்டுக் கேட்டு எழுத்தில் கொண்டுவர நீதான் சரி. இன்றைக்கே அனுப்புகிறேன். எந்தச் சொல்லையும் திருத்திவிடாதே, அவர்கள் வாயில் வந்தபடியே எழுது.

கமலைக்காரரிடம் நேற்றுப் பேசினேன். வால்கயிற்றைத் தோலோடு சேர்த்துக் கட்டுகிற முடிச்சைப் பற்றிக் கேட்டேன். "அது போன்ல வராதுய்யா, கயிறு எடுத்துட்டு நேர்ல வா" என்று சொல்லிவிட்டார். கயிறு வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்