மாவு மில்லுக்கு விளக்கு எரிந்தால் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சேலம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் 10 எச்.பி. மோட்டார் வைத்து மாவு மில் நடத்துகிறேன். எங்கள் ஊரில் கரன்ட் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வோல்டேஜ் இறங்கிவிடுகிறது. மோட்டார் திணறும், ஸ்டார்ட்டர் ட்ரிப் ஆகி நின்றுவிடும். போன மாதம் ஒருநாள், வரிசையில் ஆட்கள் நிற்கிறார்களே என்று திரும்பத் திரும்பப் போட்டு ஓட்டினேன். மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) கருகிவிட்டது. டவுனில் கொடுத்து ரீவைண்டிங் செய்து வாங்க நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் மில் பூட்டியே கிடந்தது.

பகலில் ஓட்டலாமே என்று கேட்பார்கள். பகலில் யார் வருவார்கள்? களையெடுப்புக்கும் நூறு நாள் வேலைக்கும் போன பெண்கள் வீடு திரும்பிய பிறகுதானே, மாடியில் காயவைத்த மிளகாயையும் கேழ்வரகையும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்! அதே நேரத்தில்தான் எல்லா வீட்டிலும் ஃபேன், டிவி, மிக்ஸி ஓடுகின்றன. அத்தனைக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். பக்கத்தில் மோட்டார் மெஷினில் தைக்கும் அக்காவுக்கும் இதே கதைதான்.

2018 ஏப்ரல் 28 அன்று மணிப்பூரின் லெய்சாங் கிராமத்துக்கு மின்சாரம் போனதும், நாட்டின் எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் கிடைத்துவிட்டதாக மத்திய அரசு அறிவித்தது. பொது இடங்களிலும் பத்தில் ஒரு வீட்டிலும் இணைப்பு இருந்தால் போதும், அது மின்வசதி பெற்ற கிராமம் என்பதுதான் அந்தக் கணக்கு. கம்பம் நட்டதைக் கணக்கெடுத்தார்கள். அந்தக் கம்பியில் வரும் கரன்ட்டை நம்பி ஒருவர் தொழில் செய்ய முடிகிறதா என்பதை யார் கணக்கெடுப்பது? மோட்டார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நிலைக்கட்டணம் கட்டத்தானே வேண்டியிருக்கிறது. 2022 செப்டம்பர் கட்டண உயர்வில் அதுவும் கூடிவிட்டது.

நான் இலவசம் கேட்கவில்லை. கடைகளும் மில்லும் உள்ள தெருவுக்குத் தனியாக ஒரு டிரான்ஸ்பார்மர் வேண்டும். அப்புறம், திட்டமிட்ட மின்தடையை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று 2020-ம் ஆண்டின் மின் நுகர்வோர் உரிமை விதிகளே சொல்கின்றன. எங்கள் ஊருக்கு அப்படி ஒரு குறுஞ்செய்தி ஒழுங்காக வந்தால்கூடப் போதும், பத்து கிலோ மிளகாயைத் தலையில் சுமந்து வந்தவரை, ‘நாளைக்கு வாங்கம்மா’ என்று நான் திருப்பி அனுப்ப வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
மாவு மில் உரிமையாளர் ஒருவர்,
சேலம் மாவட்டம்.