ஒட்டடையைப் பார்க்கப் போகுமுன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். கால்வலி அப்படியே இருக்கிறது, மகளுக்கு வரன் பார்ப்பதும் அப்படியே. அதெல்லாம் போனில் பேசிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை நீ நம் சிநேகிதன் ஒட்டடையைப் பார்க்க வருகிறாய் என்றதும்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவன் பெண்சாதி, நம் மதினி, இறந்துபோனதிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் அவனுக்கு ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். விதி என்கிறார்கள், மகனோடு போய் இரு என்கிறார்கள், காசிக்குப் போய்வா என்கிறார்கள். அவனும் தலையை ஆட்டுகிறான். நேற்று நான் இருக்கும்போது நம் டெய்லர் வந்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தவர் வாயே திறக்கவில்லை. டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. ரொம்ப நேரம் கழித்து, "தங்கச்சி கடைசியா என்ன கேட்டுச்சு?" என்றார்.

"கேப்பைக் கூழ் கேட்டா. டாக்டர் வேண்டாம்னாரு, குடுக்கலை" என்றான் ஒட்டடை.

என்னிடம்கூடச் சொல்லாதது மாப்பிள்ளை. அப்புறம் இருட்டும்வரை அவன்தான் பேசினான். டெய்லர் 'ம்' கொட்டியதோடு சரி. "நீ என்ன செய்வே, டாக்டர் சொன்னதுதானே" என்றுகூட அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே நின்றிருக்கும்.

டெய்லரைப் பார்த்ததும் எனக்கு ஒருவர் ஞாபகம் வந்தது. லண்டனில் சாட் வரா என்று ஒரு பாதிரியார். உயிரை மாய்த்துக்கொள்ள நினைக்கிறவர்கள் தன்னிடம் வரலாம் என்று 1953-ல் அறிவித்தார். கூட்டம் சேர்ந்தது. காத்திருப்பவர்களுக்கு டீ கொடுக்கவும் பேச்சுத்துணைக்கும் தொண்டர்கள் இருந்தார்கள். பலபேர் அவர்களிடமே மனதைக் கொட்டிவிட்டு, பாதிரியாரைப் பார்க்காமலே கிளம்பிவிட்டார்கள். அவர் அதைக் கவனித்து, மறுவருடமே கேட்கிற வேலையைத் தொண்டர்களிடம் விட்டுவிட்டார். சமாரிட்டன்ஸ் என்ற அவருடைய தற்கொலைத் தடுப்பு அமைப்பு வளர்ந்தது அப்படித்தான். சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் ஆரம்பித்த சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு மையத்திலும் காது கொடுத்துக் கேட்பதுதான் முதல் வேலை. புத்திமதி சொல்ல ஊரில் ஆளா இல்லை?

உன் வாய் எனக்குத் தெரியும். பழனி பஸ்ஸில் கண்டக்டரையே கையெடுத்துக் கும்பிட வைத்தவன் நீ. இங்கே அது வேண்டாம். யோகா, முதியோர் இல்லம் எதையும் எடுக்காதே. அவன் சும்மா இருந்தால் நீயும் சும்மா இரு. கூழ் விஷயத்தை மறுபடி சொல்வான், முழுசாகக் கேள்.

பகலில் யாராவது வந்துபோகிறார்கள். ராத்திரியை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் சனிக்கிழமையே வந்து அவனோடு தங்கு. பஸ் ஏறியதும் எனக்கு ஒரு போன் போடு, ஸ்டாண்டுக்கு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பங்காளி