பின்னாலிருந்து கூப்பிட்டவன்

மாமா,

நாளை உங்களுக்கு அறுபது. போன் செய்தால் எடுக்க மாட்டீர்கள். இங்கே எழுதினால் அத்தை எப்படியும் வாசித்துக் காட்டிவிடுவாள். ஊர்க்காரர்களும் படிப்பார்கள் என்பதால் அந்தப் பண விஷயத்துக்குள் நான் போகவில்லை.

போன மாதம் வேலையாக இங்கிலாந்தில் ஷெஃபீல்டு போனேன். சனிக்கிழமை மதியம் சும்மா இருந்ததால் மேட்டில் ஏறி ஹாலம் என்ற சின்ன கிளப்பின் மைதானத்துக்குப் போனேன். சாண்டிகேட். உலகத்திலேயே பழைய கால்பந்து மைதானம் என்று கின்னஸ் ஒப்புக்கொண்ட இடம். 1860 டிசம்பர் 26 அன்று ஹாலமும் ஷெஃபீல்டு கிளப்பும் ஆளுக்குப் பதினாறு பேரை இறக்கி ஆடியிருக்கிறார்கள், ஷெஃபீல்டுக்கு 2-0. போய்ப் பார்த்தால் ஒரு சின்ன ஸ்டாண்டு, சுற்றிலும் இடுப்பளவுக் கம்பி, அவ்வளவுதான். மைதானமே ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கிறது. 'இதுக்கு நம்ம கடப்புறத்து மணலே தேவலை' என்றிருப்பீர்கள். நான் போனபோது ஒன்பதாம் அடுக்கு லீக்கில் இருந்தார்கள். வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு ஆட வருகிறவர்கள், உங்களைப் போல.

1867-ல் அவர்கள் ஜெயித்த யூடன் கோப்பை எங்கோ தொலைந்து, 1997-ல் ஒரு பழம்பொருள் வியாபாரியிடமிருந்து திரும்பி வந்தது. உங்கள் கோப்பை இப்போது எங்கே என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் அதுவும் பணத்தில்தான் போய் நிற்கும்.

கோலுக்குப் பின்னால் போய் நின்றேன். கீப்பர் மூச்சு வாங்குவது கேட்டது. என் பக்கத்தில் ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் அவரிடம் ஓயாமல் என்னவோ கேட்டுக்கொண்டே இருந்தான். அவரும் பதில் சொன்னார். ஆனால் பந்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு தடவைகூடத் திரும்பவில்லை மாமா.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் நம்ம தூத்தூர்ப் பக்கம் போய்விட்டேன். திருவிழா ஃபைனல், சாயங்கால வெயில், கிழிந்த வலைக்குப் பின்னால் நான். கையில் ஐஸ். அது மணலில் விழுந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் 'மாமா' என்று கத்தினேன். நீங்கள் திரும்பினீர்கள். பந்து உங்கள் காலடியில் உருண்டு உள்ளே போனது.

கேட்டவர்களிடமெல்லாம் வெயில் கண்ணில் அடித்தது என்றீர்கள். என்னிடம், 'ஒண்ணுமில்ல மக்களே' என்று சொல்லி இன்னொரு ஐஸ் வாங்கித் தந்தீர்கள். அதற்கப்புறம் நீங்கள் கையுறை மாட்டவில்லை.

மன்னித்துவிடுங்கள். முப்பது வருஷம் கழித்துக் கேட்கிறேன். ஆனால் எட்டு வயதுப் பையன் ஐஸுக்குத்தான் கத்துவான், வேறு எதற்குக் கத்துவான்? திரும்பியது நீங்கள். அந்தப் பொய்யையும் நான் சொல்லச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் அன்றைக்கே அழுது முடித்திருப்பேன். திட்டாமல் விட்டதால், பிறகு நீங்கள் எதைக் கேட்டாலும் எனக்கு இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. ஒரே ஒரு தடவை சொன்னேன். அதற்கு இந்த இரண்டு வருஷம்.

சரி, இதை அத்தை வாசிக்காமல் தாண்டிவிட்டால் நல்லது.

அந்தக் கீப்பருக்கு உங்களைவிட உயரம் அதிகம். உயரப் பந்தைப் பிடிப்பதில் உங்கள் கிட்டே வர முடியாது. ஆட்டம் முடிந்ததும் பையனுக்குத் தன் கையுறையை மாட்டிப் பார்க்கக் கொடுத்தார். முழங்கை வரை வந்தது.

பிப்ரவரியில் வருகிறேன். டிக்கெட் போட்டாயிற்று. குழித்துறையில் இறங்கி நானே வந்துகொள்கிறேன், ஸ்டேஷனுக்கு வந்து நிற்க வேண்டாம். அப்படியே நின்றாலும் பின்னாலிருந்து கூப்பிட மாட்டேன். சுற்றி முன்னால் வருகிறேன்.