வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். மழை கொட்டிய ஐப்பசி நீங்கலாக மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன, புத்தக அலமாரிக்குக் கரையான் மருந்து அடித்தாயிற்று, மற்றதெல்லாம் வழக்கம்போல்தான். நேராகக் காலிங்வுட் விவகாரத்துக்கு வந்துவிடுகிறேன், எப்படியும் அதைத்தான் கேட்பீர்கள்.

ஆக்ஸ்போர்டு பேராசிரியர் ஆர். ஜி. காலிங்வுட் 1938-இல் வெளியிட்ட கலைக் கோட்பாட்டு நூலை நம் தமிழாசிரியர் ஐயா அறிமுகம் செய்தார். என்ன வரப்போகிறது என்று முன்பே தெரிந்து திட்டம் போட்டுச் செய்தால் அது கைவினை. மனதில் ஏதோ கிடந்து குமைகிறது, வெளிப்படுத்தும்போதுதான் அது இன்னதென்று தனக்கே புரிகிறது என்றால் அது கலை. சரி, இதோடு விட்டிருக்கலாம். "அப்போ ராக ஆலாபனை கலை, நரசிங்கம்பேட்டையில ஆச்சா மரத்தைக் கடைஞ்சு நாதஸ்வரம் பண்றது கைவினை, சுவாமிமலை விக்கிரகமும் கைவினை" என்று ஒரே போடாகப் போட்டார். சுவாமிமலைக்காரரை எதிரே உட்காரவைத்துக்கொண்டு!

ஸ்தபதி அண்ணன் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்குத் தென்னையோலைக் கீற்று ஒன்றும், தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்துச் செய்த உள்ளங்கையளவு முகம் ஒன்றும் கொண்டுவந்தார். ஓலையை மடித்து மடித்துச் சிலையின் அங்கங்களுக்கான தாள அளவு காட்டி, "இதுவரைக்கும் திட்டம்தான் ஐயா, ஒத்துக்கறேன்" என்றவர், சூடு காட்டிய சின்னக் கத்தியால் உதட்டோரத்தை ஒரு இழை தூக்கிவிட்டார். உம்மென்றிருந்த முகம் சிரித்தது. "இது எந்த ஓலையில இருக்கு? எனக்கே இப்பத்தான் தெரியும்."

ஒரே பொருள் கலையாகவும் கைவினையாகவும் இருக்கலாம் என்று காலிங்வுட்டே சொல்லியிருப்பதாக அப்புறம்தான் ஐயா மெதுவாக ஆரம்பித்தார். முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு மாதச் சண்டை மிச்சம். அதோடு நிறுத்தாமல், மெட்டு இசையமைப்பவர் தலைக்குள்ளேயே முழுசாக முடிந்துவிடுகிறது, வெளியே பாடுவது மற்றவர்களுக்குத் தெரிவிக்கத்தான் என்றும் அந்த மனிதர் எழுதியிருப்பதை வாசித்துக் காட்டினார். "அப்ப வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வடிச்சு, உலோகத்தை ஊத்தி நான் எதுக்கு வேகணும்?" என்று அண்ணன் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. என் ஓட்டு அண்ணனுக்கு.

இந்தத் தலைக்குள் சமாச்சாரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர் நம் பொருளாளர்தான். வரவு செலவு தம் மனதில் பூரணமாக இருக்கிறதாம், தாளில் எழுதுவது வெறும் கைவினையாம். தணிக்கை பார்ப்பவர் கைவினைதான் வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டதால் கணக்கு அடுத்த ஞாயிறு வைக்கப்படும். சந்தா பாக்கி உள்ளவர்கள் அதற்குள் கட்டிவிடவும். மனதுக்குள் கட்டிவிட்டதாக ஏற்கெனவே இரண்டு பேர் சொல்லியாயிற்று, அது செல்லாது.