ஒரு நேரத்தில் ஒரு பாடம் போதும்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இதயத் துடிப்பைக் கண்காணிக்கும் டெலிமெட்ரி வார்டுக்கு மாறிவிட்டாய், நைட் டியூட்டி மட்டும் உன்னை விடவில்லை, பையன் உயரத்தில் உன்னைத் தாண்டிவிட்டான் என்றெல்லாம் படிக்கப் படிக்க மனம் நிறைந்தது. நான் பகல் டியூட்டிக்கு வந்துவிட்டேன். பெரியவள் கல்லூரிக்குப் போய்விட்டாள், வீட்டில் சத்தம் குறைந்திருக்கிறது. மற்றபடி எல்லோரும் நலம்.

கடைசிப் பத்தியில் நீ எழுதியிருந்ததுதான் இரண்டு நாளாக மனதில் ஓடுகிறது. பி.எஸ்.என். என்கிற நர்ஸிங் இளங்கலைப் படிப்பில் ஆன்லைனில் சேரப்போகிறாய், ஒரே சமயத்தில் இரண்டு இரண்டு பாடமாக எடுத்து ஒரே வருடத்தில் முடித்துவிடுவாய். சேரடி, கட்டாயம் சேர். அந்த ஒரு வருடக் கணக்கை மட்டும் விட்டுவிடு.

ஏன் என்று சொல்கிறேன். இங்கே அமெரிக்கக் கல்லூரிகளில் ஒரு கிரெடிட் என்றால் வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு, அதற்கு மேல் குறைந்தது இரண்டு மணி நேரப் படிப்பு, இப்படிச் சுமார் 15 வாரம். மூன்று கிரெடிட் பாடத்துக்கு வாரம் 9 மணி நேரம், மொத்தம் 135 மணி நேரம். ஆன்லைனில் அதே பாடத்தை 8 வாரத்துக்குள் அடைத்துவிடுகிறார்கள். அப்போது வாரத்துக்கு ஏறக்குறைய 17 மணி நேரம் ஆகிறது. இரண்டு பாடம் எடுத்தால் 34. நீ வாரம் மூன்று நாள், பன்னிரண்டு மணி நேரம் வீதம் பார்க்கும் டியூட்டியே 36 மணி நேரம்தான். இன்னொரு முழுநேர வேலையில் சேர்கிறேன் என்று யாராவது சொன்னால் நீயே அவளைத் திட்டுவாய். சில பாடங்கள் இவ்வளவு நேரம் வாங்காது என்பது உண்மை. புள்ளியியலும் ஆராய்ச்சிப் பாடமும் முழு நேரத்தையும் வாங்கிக்கொள்ளும்.

நர்ஸாக லைசென்ஸ் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் 30 கிரெடிட் அளவுக்கு நர்ஸிங் பாடம் மிச்சமிருக்கும். பத்துப் பாடம் என்று வைத்துக்கொள். ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தால் 80 வாரம், நடுவில் விடுமுறையும் சேர்த்தால் இரண்டு வருடத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் நீயும் நானும் இந்தியாவில் ஜி.என்.எம். என்கிற நர்ஸிங் டிப்ளமோ படித்துவிட்டு வந்தவர்கள். நம் சான்றிதழ்களை மதிப்பீட்டுக்கு அனுப்பச் சொல்வார்கள், அதற்குப் பிறகு ஆங்கிலம், புள்ளியியல், சமூகவியல் என்று சில பொதுப் பாடங்கள் கூடுதலாக வரலாம். எந்தக் கல்லூரி உன் பழைய படிப்புக்கு எத்தனை கிரெடிட் தருகிறது என்று எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்டு. நர்ஸிங் படிப்புகளின் தரத்தைப் பார்த்து அங்கீகரிக்கும் சி.சி.என்.இ. அல்லது ஏ.சி.இ.என். அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடு. இல்லாவிட்டால் நாளைக்கு மாஸ்டர்ஸ் படிக்க ஆசை வந்தால் கதவு மூடிவிடும்.

வார்டில் எல்லோரும் முடித்துவிட்டார்கள், நான் மட்டும் பாக்கி என்று எழுதியிருந்தாய். அதைப் படித்து வருத்தமாக இருந்தது. 2020க்குள் 80 சதவீத நர்ஸ்கள் இளங்கலைப் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்று இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் என்கிற அமெரிக்க மருத்துவ ஆலோசனை அமைப்பு 2010இல் பரிந்துரைத்தது. 2020 வந்தது, அந்த இலக்கு எட்டப்படவில்லை. நியூயார்க் மாநிலத்தில் 2017 டிசம்பரில் சட்டமே போட்டார்கள், புதிதாக லைசென்ஸ் வாங்கும் நர்ஸ்கள் பி.எஸ்.என். முடித்தாக வேண்டும் என்று. அந்தச் சட்டம்கூடப் பத்து வருடம் தருகிறது! உன் வேலை நியமனக் கடிதத்தை எடுத்துப் பார். இத்தனை வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று அதில் இருந்தால் அது ஒன்றுதான் உன் கெடு. பக்கத்து நர்ஸ் முடித்த தேதி உனக்குக் கெடு ஆகாது.

மெதுவாகப் படித்தால் பணமும் மிச்சம். மருத்துவமனை தரும் படிப்பு உதவியில் ஒரு காலண்டர் வருடத்துக்கு 5,250 டாலர் வரை வருமான வரி இல்லை. அதனால் பல இடங்களில் அந்தத் தொகையையே வருட உச்சவரம்பாக வைத்திருக்கிறார்கள். எல்லாப் பாடத்தையும் ஒரே வருடத்தில் திணித்தால் ஒரு வருடத்து உதவிதான் கிடைக்கும், மீதி உன் கையிலிருந்து போகும். மூன்று காலண்டர் வருடங்களில் படும்படி பரப்பினால் மூன்று தடவை வாங்கலாம். எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் தரமாட்டார்கள், முடித்த பிறகு எத்தனை வருடம் அங்கேயே வேலை பார்க்க வேண்டும் என்பதை மட்டும் கேட்டுக்கொள். அரசுக் கல்விக் கடன் எடுப்பதாக இருந்தால் அரைநேர மாணவியாகவாவது இருக்க வேண்டும், பொதுவாக ஒரு செமஸ்டருக்கு 6 கிரெடிட். எட்டு வாரப் பாடம் இரண்டை ஒன்றுக்குப் பின் ஒன்றாக எடுத்தாலே பெரும்பாலும் அந்தக் கணக்கு சரியாகிவிடும், கேட்டு உறுதி செய்துகொள்.

வெஸ்டர்ன் கவர்னர்ஸ் யுனிவர்சிட்டி பற்றிக் கேட்டிருந்தாய். அங்கே ஆறு மாதத்துக்கு ஒரே கட்டணம், அதற்குள் எத்தனை பாடம் வேண்டுமானாலும் முடிக்கலாம். வேகமாகப் படிப்பவர்களுக்கு லாபம்தான். நைட் டியூட்டியில் இருக்கும் உனக்கு, கட்டிய பணத்துக்குள் முடிக்க வேண்டுமே என்கிற பதற்றம் கூடவே வரும். என்னைக் கேட்டால், உனக்குத் தேதி குறித்துக் கொடுக்கிற கல்லூரிதான் நல்லது.

இனி நைட் டியூட்டி விஷயம். இதைத்தான் உன்னிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். காலை ஏழரைக்கு ரிப்போர்ட் கொடுத்துவிட்டு வந்து லேப்டாப்பைத் திறக்காதே. அந்த நேரத்தில் ஒரு பக்கம் எழுத ஆகும் நேரத்தில், தூங்கி எழுந்து மூன்று பக்கம் எழுதிவிடலாம். படித்தது மனதில் தங்குவதற்கே தூக்கம் வேண்டும் என்று நாமே நோயாளிகளுக்குச் சொல்கிறோம். டியூட்டி நாட்களில் படிப்பே வேண்டாம், முடிந்தால் வேலைக்குக் கிளம்பும் முன் அரை மணி நேரம் வாசி, அவ்வளவுதான். லீவு நாட்களில் இரண்டை முழுசாகப் படிப்புக்குக் கொடு. மீதி நாட்களில் புத்தகத்தைத் தொடாதே. அந்த ஓய்வு இல்லாவிட்டால் நாலாவது பாடத்திலேயே வெறுத்துவிடும்.

பல கல்லூரிகளில் பாடத்தைப் பற்றி ஆன்லைனில் எழுதும் டிஸ்கஷன் போஸ்டை வாரத்தின் நடுவில் போட வேண்டும், மற்றவர்களுக்குப் பதில் ஞாயிற்றுக்கிழமைக்குள். சிலபஸ் கைக்கு வந்த அன்றே எல்லாத் தேதிகளையும் எடுத்து உன் ஷிப்ட் அட்டவணைக்குப் பக்கத்தில் எழுது. உங்கள் வார்டில் ஷெட்யூலை நீங்களே போட்டுக்கொள்கிறீர்கள் அல்லவா, பெரிய அசைன்மென்ட் வரும் வாரத்தில் முன்கூட்டியே டியூட்டியைத் தள்ளி வை. ஓவர்டைமுக்குக் கூப்பிட்டால் அந்த வாரம் முடியாது என்று சொல்லிவிடு. உனக்கு அது வராது என்று எனக்குத் தெரியும், ஹாஸ்டலில் எல்லோருடைய டியூட்டியையும் நீதானே பார்த்தாய்!

புள்ளியியலைக் குடும்ப விசேஷமோ பயணமோ இல்லாத மாதத்தில் தனியாக எடு. சமூக நல நர்ஸிங் பாடத்தில் பல இடங்களில் நேரில் போய்ச் செய்யும் மணி நேரங்கள் உண்டு. அந்தப் பயிற்சியை மேற்பார்க்கும் பிரிசெப்டரை நீயே தேட வேண்டியிருக்கும், ஒப்பந்தம் கையெழுத்தாக வாரக்கணக்கில் ஆகும். கல்லூரி வேறு மாநிலத்தில் இருந்தால் உன் மாநிலத்தில் அந்தப் பயிற்சிக்கு அனுமதி இருக்கிறதா என்று சேரும் முன்பே கேள். அந்தப் பாடத்துக்கு இரண்டு மாதம் முன்பே வேலையைத் தொடங்கிவிடு. நடுவில் வீட்டில் ஏதாவது ஆகிவிட்டால் பாடத்தை எந்தத் தேதிக்குள் விடலாம், பிறகு முடித்துக்கொடுக்க அவகாசமாக 'இன்கம்ப்ளீட்' கேட்க என்ன விதி என்பதையும் முதல் வாரமே குறித்து வைத்துக்கொள்.

எழுதும் தலைப்பை உன் வார்டிலிருந்தே எடு. யூரின் கத்தீட்டரை எப்போது எடுக்க வேண்டும், அலாரச் சத்தம் ஓயாமல் கேட்பதால் நர்ஸ்களின் கவனம் எப்படி மங்குகிறது, இதெல்லாம் நீ தினமும் பார்ப்பது. பப்மெட் என்கிற மருத்துவ ஆய்வுக் கட்டுரைத் தளத்தில் தேடிப் படிக்கும்போது நேற்று பார்த்த நோயாளி ஞாபகத்துக்கு வருவார், எழுத்து தானாக வரும். நான் படித்ததில் என்னை மாற்றியது இந்தப் பகுதிதான். டாக்டர் ஒரு ஆர்டர் போட்டால், இதற்கு ஆதாரம் என்ன என்று இப்போது கூச்சமில்லாமல் கேட்கிறேன். நர்ஸிங் ஆய்வாளர் லிண்டா ஏக்கனும் அவர் குழுவும் பென்சில்வேனியா மருத்துவமனைகளில் செய்த ஆய்வு 2003இல் வந்தது. பட்டம் பெற்ற நர்ஸ்களின் பங்கு 10 சதவீதம் கூடிய இடங்களில், அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 5 சதவீதம் குறைவாக இருந்ததாம். அதனால்தான் சொல்கிறேன், இதைக் கடனே என்று ஓட்டிவிடாமல் நிதானமாகப் படி.

கல்லூரி அனுப்பும் பாட வரிசையும் உன் அடுத்த ஆறு வார ஷெட்யூலும் கிடைத்ததும் எனக்கு அனுப்பு. ஞாயிறு மாலை எனக்கு ஓய்வுதான், இருவரும் போனில் உட்கார்ந்து தேதிகளைப் பொருத்திவிடலாம். பையனுக்கும் வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.

உன் பழைய ஹாஸ்டல் தோழி