தம்பியின் பெயரை எடுத்துவிடுங்கள், அப்பா

அப்பாவுக்கு,

நேற்று நீங்கள் கேட்டதற்கு "யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். யோசிப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. உங்கள் குரலில் அவ்வளவு உற்சாகம் இருந்தது. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. இப்போது சொல்கிறேன்: மாட்டேன். தம்பியை மாநிலச் செஸ் போட்டிக்கு நான் தயார்செய்ய மாட்டேன். விடுமுறை போட்டுவிட்டு அவனோடு ரயிலேறவும் மாட்டேன்.

இதை உங்களுக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் இரண்டு வரி படித்துவிட்டு அழைப்பீர்கள். உங்கள் குரலைக் கேட்டதும் நான் சரி என்று சொல்லிவிடுவேன். நாலு பேர் பார்க்க எழுதிவைத்துவிட்டால் பின்வாங்க முடியாது. இப்படிச் செய்வதற்கு மன்னியுங்கள். ஆனால் தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள்தான்.

நம் உறவினர்கள் இதைப் படிப்பார்கள். போட்டி வாசல்களில் நம்மோடு காத்திருந்த அப்பா அம்மாக்களும் படிக்கக்கூடும். அதனால் சிலவற்றை எழுதப்போவதில்லை. பணத்தைப் பற்றி எழுத மாட்டேன். ஒரு வருடம் முழுக்க அம்மா ஏன் எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை என்பதை எழுத மாட்டேன். பயிற்சியாளரைப் பற்றியும் ஒன்றுமில்லை. அவர் தன் வேலையைச் செய்தார்.

தம்பியைப் பற்றி எழுதலாம். போன விடுமுறையில் என்னிடம் தோற்றுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, உன் குதிரை எங்கிருந்து வந்தது?" என்று கேட்டுக்கொண்டே அடுத்த ஆட்டத்துக்குக் காய்களை அடுக்கினான். தோற்ற பிறகு நான் சிரித்த ஆட்டம் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. நீங்கள் அப்போது பின்னால் நின்று அவன் ஆடியதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "எட்டு வயதில் இதைப் பார்க்கிறானே" என்றீர்கள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். வயிற்றுக்குள் ஏதோ இறுகியது.

வைஷாலியையும் பிரக்ஞானந்தாவையும் பாரு என்று சொன்னீர்கள். அக்கா ஆடுவதைப் பார்த்துத்தான் தம்பி ஆடக் கற்றுக்கொண்டான், இன்று இருவருமே செஸ்ஸின் மிக உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்றவர்கள் என்றீர்கள். உண்மைதான். உலகத்திலேயே அப்படி ஓர் அக்கா தம்பி அவர்களுக்கு முன்னால் இருந்ததில்லை என்பதும் உண்மை. முன்னால் யாருமே இல்லாத ஒன்றை நம் வீட்டுக்கு எப்படி அப்பா அளவாக வைக்கிறீர்கள்?

பிரக்ஞானந்தாவும் நானும் 2005-இல் பிறந்தவர்கள். 2016-இல் அவர் 10 வயது 10 மாதத்தில், கிராண்ட்மாஸ்டருக்கு ஒரு படி கீழே உள்ள இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனபோது அந்தப் பத்திரிகைச் செய்தியை வெட்டி என் படிப்பு மேசைக்கு மேலே ஒட்டினீர்கள். ஆசையாகத்தான் ஒட்டினீர்கள். நானும் ஆசையாகத்தான் பார்த்தேன். ஆனால் அதற்குப் பிறகு என் ஒவ்வொரு பிறந்தநாளிலும் வீட்டில் யாரோ மனதுக்குள் கழித்துப் பார்ப்பது எனக்குக் கேட்டது.

அதே வருடம்தான் 11 வயதுக்கு உட்பட்டோர் தேசியப் போட்டி. எட்டாவது சுற்று. வெளியே நடந்தது உங்களுக்குத் தெரியும். உள்ளே நடந்தது தெரியாது.

எனக்கு ஒரு யானை அதிகம் இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணுக்குக் கால் தரையில் எட்டவில்லை, ஆட்டிக்கொண்டே இருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் உங்கள் கட்டம்போட்ட சட்டை தெரிந்தது. முதலில் முடித்துவிட்டு வெளியே போன பையன் யாரோ என் நிலையை உங்களிடம் சொல்லிவிட்டான் என்று புரிந்தது. நீங்கள் நிற்கும் விதமே மாறியிருந்தது. சீக்கிரம் முடித்துவிட்டு உங்களிடம் ஓடி வர வேண்டும் என்று இருந்தது. முதல் வரிசையைக் காத்துக்கொண்டிருந்த யானையை எடுத்து ஓரத்துச் சிப்பாயை வெட்டினேன். அவளுடைய யானை இறங்கியது. என் ராஜா தன்னுடைய மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால் அடைபட்டுக் கிடந்தது. அது மேட், ராஜாவுக்குத் தப்ப வழியில்லை, ஆட்டம் முடிந்தது என்று அவளுக்கே உடனே தெரியவில்லை; தப்பாக ஏதும் செய்துவிட்டோமோ என்பதைப் போல என்னைப் பார்த்தாள். நான்தான் கையை நீட்டினேன். இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டேன். கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன். கண் சிவப்பு போகும்வரை அங்கேயே நின்றேன்.

வெளியே வந்தபோது உங்களைக் காணவில்லை. என்னைக் காணாமல் கட்டடத்தையே சுற்றி ஓடியிருக்கிறீர்கள். மூச்சு வாங்க வந்து, தண்ணீர் பாட்டிலைக் கூடக் கீழே வைக்காமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஜெயித்துவிட்டாய்தானே கண்ணு?" என்றீர்கள்.

ஆமாம் என்றேன்.

பயத்தில் சொன்னேன் என்று இத்தனை வருடமும் நினைத்திருப்பீர்கள். பயம் இல்லை அப்பா. நீங்கள் என்னை ஒருநாளும் அடித்ததில்லை; எல்லோரும் படிக்கும் இடத்தில் அழுத்திச் சொல்கிறேன், ஒருநாளும் இல்லை. உங்கள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அதை நான் உடைக்கக் கூடாது என்று தோன்றியது. அந்த வயதில் உங்களுக்காக என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

நீங்கள் அம்மாவுக்குப் போன் செய்தீர்கள். பக்கத்தில் நின்றவர்கள் கைகொடுத்தார்கள். பிறகு முடிவுத் தாளை ஒட்டினார்கள். அவர்கள் எல்லோரும் உங்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தபோது, "நான்தான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை" என்று சொன்னீர்கள். அந்த ஒரு வரிக்காக உங்களை எப்போதும் நேசிப்பேன்.

அன்று இரவு அறையில் அதே நிலையைப் பலகையில் அடுக்கினீர்கள். நான் சொன்ன பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. யானை ஏன் முதல் வரிசையை விட்டுப் போனது என்று மட்டும் கேட்டீர்கள். திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். திட்டியிருக்கலாம். ஏன் பொய் சொன்னாய் என்று ஒரு தடவை கேட்டிருந்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். பெண் எதற்குப் பொய் சொன்னாள் என்பதைவிட அவள் யானை எங்கே போனது என்பதுதான் உங்களுக்குப் பெரிதாக இருந்தது. இதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. முயற்சி செய்கிறேன்.

இந்த உலகத்துக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காக ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். ஆட்டத் திறனை அளக்கும் எண்தான் ரேட்டிங். 18 வயதுக்குள் இருந்து, ரேட்டிங் 2300-ஐத் தாண்டாத ஒருவருக்கு உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி புள்ளிகள் வேகமாக ஏறும், வேகமாக இறங்கும். உங்களைவிட 200 புள்ளி குறைந்தவரை ஜெயித்தால் ஏறத்தாழ 10 புள்ளி கிடைக்கும். அவரிடம் தோற்றால் ஏறத்தாழ 30 போகும். குழந்தைகள் போட்டியில் அந்தக் குறைந்த ரேட்டிங்காரர் பெரும்பாலும் உங்களைவிடச் சின்னவராக, நேற்றுவரை வேகமாக வளர்ந்திருந்தும் அந்த வளர்ச்சி இன்னும் எண்ணில் ஏறாதவராக இருப்பார். அதனால் நாங்கள் பெரியவர்களைக் கண்டு பயப்படவில்லை. எங்களைவிடச் சின்னக் குழந்தைகளைக் கண்டு பயந்தோம். இரவில் அடுத்த சுற்றுக்கான ஜோடிப் பட்டியல் வந்ததும் உங்கள் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன். எதிராளியின் ரேட்டிங் என்னைவிட அதிகம் என்றால் நிம்மதியாக இருப்பீர்கள். ஏழு வயதுப் பையன் என்றால் சாப்பிட மாட்டீர்கள். தம்பி இன்று சிரித்துக்கொண்டே ஆடுவது அவனுக்கு இன்னும் ஓர் எண் வரவில்லை என்பதால்தான்.

குகேஷ் 2019 ஜனவரியில் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது மிகக் குறைந்த வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆன கர்யாகினின் உலகச் சாதனையை 17 நாளில் தவறவிட்டார் என்று எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு மலையை ஏறி முடித்திருக்கிறான். 17 நாள் தாமதம் என்று எழுதினார்கள். அவர் உலக சாம்பியனாகிவிட்டதால் அந்த 17 நாளை யாரும் இப்போது பேசுவதில்லை. ஆகாமல் போயிருந்தால் பேசிக்கொண்டே இருந்திருப்பார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கிராண்ட்மாஸ்டர் கதை வேறு. ஷியாம்நிகில், நம் தமிழ்நாட்டுக்காரர். கிராண்ட்மாஸ்டர் ஆக ஒரு போட்டியில் எட்ட வேண்டிய தகுதி அளவை நார்ம் என்பார்கள்; மூன்று வேண்டும். அவருக்கு 2012-இல் இரண்டாவது நார்ம் கிடைத்தது. மூன்றாவதற்கு 12 வருடம் காத்திருந்தார். 2024-இல், முப்பது வயதைக் கடந்த பிறகு, இந்தியாவின் 85-ஆவது கிராண்ட்மாஸ்டர் ஆனார். அந்தச் செய்தி வந்த நாளில் நான் விடுதி அறையில் உட்கார்ந்து அழுதேன். அத்தனை காலம் ஒருவர் ஆடியிருக்கிறார் என்றால் அந்த ஆட்டம் அவருக்குப் பிடித்திருக்கிறது. அந்தச் செய்தியை நீங்கள் எனக்கு அனுப்பவில்லை.

வேறொன்றை அனுப்பினீர்கள். 2023 ஆகஸ்டில், பாகு செஸ் உலகக் கோப்பையின்போது, பிரக்ஞானந்தாவின் அம்மா நாகலட்சுமி ஓரமாக உட்கார்ந்து மகனைப் பார்த்துச் சிரிக்கும் அந்தப் படம். ஒரு வார்த்தை எழுதாமல் படத்தை மட்டும் அனுப்பினீர்கள். நான் பதில் போடவில்லை. அது உங்களுக்கு வலித்தது என்று அம்மா பிறகு சொன்னாள். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலக சாம்பியன் போட்டியின் கடைசி ஆட்டத்தின்போது குகேஷின் அப்பா கதவுக்கு வெளியே அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்த காட்சியை நான் தனியாகப் பார்த்தேன். காது, மூக்கு, தொண்டை மருத்துவர். மகனோடு பயணம் செய்வதற்காகத் தன் தொழிலை நிறுத்திவைத்தவர். மகன் ஜெயித்து வெளியே வந்து கட்டிப்பிடித்துக்கொண்டான். நான் அவரில் உங்களைத்தான் பார்த்தேன். உங்கள் காத்திருப்பும் அதே காத்திருப்புதான் அப்பா, அதில் ஒரு குறைவும் இல்லை. அந்தக் கதவு உங்களுக்கு அப்படித் திறக்கவில்லை. அப்படித் திறக்காத கதவுகளுக்கு வெளியே நின்ற அப்பாக்களை யாரும் படம் எடுப்பதில்லை.

நீங்கள் எனக்காகச் செய்தவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. எனக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தரையில் துண்டு விரித்துப் படுத்தீர்கள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது பேச்சு புரியாத ஊரில் நடுராத்திரி மருந்துக்கடை தேடி அலைந்தீர்கள். ரயிலில் நான் தூங்கும்வரை என் கால்மாட்டிலேயே உட்கார்ந்திருந்தீர்கள்.

ஆனால் நீங்கள் பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்ததை அம்மா பாட்டியிடம் சொன்னபோது நான் அடுத்த அறையில் விழித்துக்கொண்டிருந்தேன். இடமாற்றம் வந்தால் என் பயிற்சி கெட்டுவிடும் என்பதற்காக. எனக்கு அப்போது ஒன்பது வயது. அதைக் கேட்ட பிறகு, எனக்கு இது பிடிக்கவில்லை என்று எந்த வாயால் சொல்வேன்? பிடித்திருக்கிறதா இல்லையா என்று யோசித்துப் பார்க்கக்கூடப் பயந்தேன். பிடிக்காமல் இருக்கிற உரிமை எனக்கு இல்லை என்று முடிவு செய்துவிட்டேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை என்று நீங்கள் உறவினர்களிடம் சொல்வது சரிதான். நீங்கள் வற்புறுத்தியிருந்தால் எதிர்த்திருப்பேன். கொடுத்துக்கொண்டே இருப்பவரை ஒரு குழந்தை எப்படி எதிர்க்கும்?

இன்று எனக்குச் செஸ் பிடிக்குமா என்று யாராவது கேட்டால் பதில் தெரியவில்லை. வருத்தமாக இருக்கிறது. தம்பிக்குப் பதில் தெரியும். அதைக் கெடுக்காதீர்கள்.

விருப்ப ஓய்வு பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அது உண்மையென்றால் தயவுசெய்து வேண்டாம். அவனுக்கு அது தெரிந்துவிடும். நமக்குத் தெரியாமலே தெரிந்துவிடும்.

நான் ஊருக்கு வரும்போது அவனோடு ஆடுவேன். 1858-இல் பாரிஸ் ஓபரா மாடத்தில் அமெரிக்க ஆட்டக்காரர் மார்ஃபி ஆடிய ஆட்டத்தைக் காட்டுவேன். ராணியைக் கொடுத்துவிட்டு அடுத்த நகர்த்தலில் யானையால் மேட் செய்வதைப் பார்த்து அவன் கத்துவான். நீங்கள் எனக்குக் காட்டிய முதல் பெரிய ஆட்டமும் அதுதான். அப்போது ரேட்டிங் என்ற சொல் நம் வீட்டுக்குள் வந்திருக்கவில்லை. நீங்கள் அன்றைக்கு எவ்வளவு நன்றாகக் கதை சொன்னீர்கள் தெரியுமா? அதை அவனுக்கும் நீங்களே சொல்லலாம். நான் விட்டுக்கொடுக்கிறேன்.

அவனாகப் போட்டிக்குப் போக வேண்டும் என்று கேட்டால் போகட்டும். நம் ஊரிலேயே, காலையில் போய் மாலையில் திரும்புகிற ஒருநாள் போட்டிக்கு. கண்ணாடிக்கு அருகே நிற்காதீர்கள். வெளியே வந்ததும் முடிவைக் கேட்காதீர்கள். அவனாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிவுக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை என்றீர்கள். கட்டணம் கட்டியிருந்தால் போகட்டும், பெயரை எடுத்துவிடுங்கள். பதிலை இங்கே எல்லோரும் பார்க்க எழுத வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை நானே அழைக்கிறேன். கோபமாக இருந்தாலும் எடுங்கள். எடுத்ததும் போனை அம்மாவிடம் கொடுத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் பாப்பா