அசர்ஷன் தோற்றால் அஸ்யூம் மருந்தல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிப் வடிவமைப்பு பற்றிக் கட்டுரை வெளியிடும்போது ஃபார்மல் வெரிஃபிகேஷனுக்கும் (வடிவமைப்பு சரியா என்று மென்பொருள் கருவியைக் கொண்டு கணித ரீதியாக நிரூபிக்கும் முறை) இடம் கொடுங்கள். 1994இல் அம்பலமான பென்டியம் சிப்பின் வகுத்தல் பிழை இன்டெல் நிறுவனத்துக்கு வைத்த செலவு 47.5 கோடி டாலர். இப்படிப்பட்ட பிழைகளைப் பிடிக்கத்தான் இந்த முறை. புதிதாக வருபவர்களோ, அசர்ஷன் (வடிவமைப்பு எப்போதும் காக்க வேண்டிய விதி) தோற்றதுமே ஒரு அஸ்யூம் வரியை, அதாவது கருவி சோதிக்காமல் உண்மை என்று ஏற்கும் விதியைச் சேர்த்து 'பாஸ்' வாங்கிவிடுகிறார்கள். இது ஆபத்தான பழக்கம்.

அசர்ஷன் தோற்றால், கருவி தரும் வேவ்ஃபார்மை (ஒவ்வொரு கிளாக்கிலும், அதாவது சிப்பின் ஒவ்வொரு நேரத்துடிப்பிலும், சிக்னல்களின் மதிப்பைக் காட்டும் வரைபடம்) கடைசி கிளாக்கிலிருந்து பின்னோக்கிப் படிக்க வேண்டும். தவறான சிக்னலை எது இயக்கியது, அதற்கு முந்தைய கிளாக்கில் எது என்று போனால் காரணம் கிடைக்கும். ரீசெட்டிலிருந்து (சிப்பின் தொடக்க நிலை) தொடங்கிய தோல்வி என்றால் முதலில் அசர்ஷனையே சந்தேகியுங்கள்: 'அடுத்த கிளாக்கில்' என்று பொருள்படும் |=> வேண்டிய இடத்தில், 'அதே கிளாக்கில்' என்று பொருள்படும் |-> இருக்கலாம்; முந்தைய கிளாக்கே இல்லாத முதல் கிளாக்கில் பழைய மதிப்பைக் கேட்டிருக்கலாம்.

இண்டக்‌ஷன் தோல்வி வேறு ரகம். சில கிளாக்குகள் விதி நின்றால் அடுத்த கிளாக்கிலும் நிற்கும் என்று நிரூபிப்பதுதான் இந்த முறை. அங்கே கருவி ரீசெட்டிலிருந்து தொடங்காது. அசர்ஷன்கள் தடுக்காத எந்த நிலையிலிருந்தும் தொடங்கும். 8 இடமுள்ள ஒரு ஃபிஃபோவை (முதலில் வந்த தரவு முதலில் வெளியேறும் வரிசை) எடுத்துக்கொள்வோம். நிரம்பிய இடங்களை எண்ணும் கவுண்ட்டர் 4 பிட், ஆகவே 15 வரை போகும். ஃபிஃபோ நிரம்பியதும் 1 ஆகி ரைட்டைத் தடுக்கும் 'ஃபுல்' கொடி தனி ரெஜிஸ்டர் (மதிப்பை நினைவில் வைக்கும் இடம்). ரீடு, ரைட் நடந்தால் மட்டுமே மாறும். 'கவுண்ட்டர் 8ஐத் தாண்டாது' என்ற அசர்ஷனைச் சோதித்தால், கவுண்ட்டர் 8, ஃபுல் 0 என்ற நடக்கவே முடியாத நிலையிலிருந்து கருவி தொடங்கும். ஆழத்தை (கருவி பார்க்கும் கிளாக்குகளின் எண்ணிக்கை) 20லிருந்து 50 ஆக்கியும் பயனில்லை. 49 கிளாக் சும்மா இருந்துவிட்டு, கடைசியில் ஒரு ரைட் செய்து 9 என்று காட்டும்.

'கவுண்ட்டர் 8 ஆக இருந்தால் ஃபுல் 1. இல்லாவிட்டால் 0' என்ற துணை விதிதான் இதற்குத் தீர்வு. அதை அசர்ஷனாகவே எழுத வேண்டும். அப்போது கருவி அதையும் சேர்த்து நிரூபித்தாக வேண்டும். அஸ்யூமாக எழுதினால், ரீடும் ரைட்டும் ஒரே கிளாக்கில் வரும்போது கொடி தவறும் நிஜமான பிழை இருந்தாலும் வெளியே தெரியாது.

அஸ்யூம் உள்ளீடுகளுக்கு மட்டுமே. அங்கும் ஒவ்வொன்றைச் சேர்த்ததும் கவர் (ஒரு நிலையை எட்ட முடியுமா என்ற சோதனை) ஓட்டுங்கள்: ஃபிஃபோ நிரம்புகிறதா, நிரம்பியபின் காலியாகிறதா, நிரம்பிய நிலையில் ரைட் கோரிக்கை வருகிறதா? இவற்றில் ஒன்று எட்ட முடியாதது என்று கருவி சொன்னாலும், அந்தப் பகுதியில் கிடைத்த 'பாஸ்' எதையும் ஏற்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வெரிஃபிகேஷன் பொறியாளர்